அப்பாவுக்கு நிகழ்காலம்

பாக்கியசாமியின் அடக்கப் பூசையில் இரங்கல் உரை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் அவருடைய மருமகன் பிரையன். பூசை தமிழில் நடக்கப்போகிறது, தோட்டத்து ஆட்களுக்கு அது போதும், ஆனால் பாலத்துக்கு அப்பால் தாங்கள் குடியிருக்கும் தீவிலிருந்து தன் வங்கி மேலாளர் வருகிறார், தன் தங்கை லீனாவின் குடும்பம் வருகிறது, அவர்களுக்கும் ஏதாவது புரிய வேண்டாமா என்றான். செத்தது அவன் மனைவி பிலோமினாவின் அப்பா. பேசப்போவதும் பிலோமினா. இருந்தாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள். சவப்பெட்டி, பூ, சாப்பாடு, சாமியாருக்குச் சொல்வது என்று ஆயிரம் வேலை கிடந்த நேரத்தில் அதற்கொரு சண்டை வேண்டாம் என்று நினைத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். எழுதியதை அவனிடம் காட்டவில்லை. "கொடு, ஒரு தடவை பாத்துத் தர்றேன்" என்று அவன் கை நீட்டியபோது, "வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தாசேக் கெலுகோரில் இருக்கும் அந்தத் தேவாலயம் சின்னது. மெழுகுவர்த்திகள் அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். பிலோமினா பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று காகிதத்தைப் பிரித்தாள். அப்பா ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தீவில் மகள் வீட்டுக்கு வந்து தங்குங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர். அதிலிருந்துதான் அவள் ஆரம்பித்திருந்தாள்.

"மை ஃபாதர் இஸ் எ ஸ்டபர்ன் மேன்."

பின்வரிசையில் அந்த அளவு ஆங்கிலம் புரிந்த இரண்டு மூன்று தோட்டத்து ஆட்கள் லேசாகச் சிரித்தார்கள். அவர்களுக்குப் பாக்கியசாமியின் பிடிவாதம் தெரியும். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"வாஸ்" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பிரையன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மின்விசிறி ஓடாத அந்தக் கோயிலில் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்குப் புரியவில்லை. வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"வாஸ், ஃபில். வாஸ்." அவன் புருவத்தை உயர்த்தி, அன்பாகத்தான், தலையை ஆட்டினான்.

"வாஸ்" என்றாள் பிலோமினா.

சொன்னதும் அவள் கண் பெட்டியின் பக்கம் போனது. மருத்துவமனையிலிருந்து போன் வந்ததிலிருந்து அந்த நிமிடம் வரைக்கும் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள், அப்பாவுக்காக ஓடினாள். அவருக்குப் பிடித்த சட்டை, அவருக்குப் பிடித்த பாட்டு. அவர் எங்கேயோ இருந்து இதையெல்லாம் பார்த்துக் குறை சொல்லப்போகிறார் என்பது போலவே ஓடினாள். அந்த ஒரு சொல்லை வாய் திறந்து சொன்னபோதுதான் அப்பா செத்துப்போனார். அடுத்த வரியை அவள் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பிரையன் எழுந்து போய் அவளுக்குப் பதிலாகப் பேசினான். காகிதம் எதுவும் இல்லாமலே பேசினான். வந்தவர்களுக்கு நன்றி சொன்னான். வாசலில் அவனுடைய மேலாளர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அழகாகப் பேசினாய் என்றார்.

தீவுக்குத் திரும்பி வரும்போது பாலத்தின் மேல் பிரையன் ஓட்டிய காடி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் மகள் கிளாரிஸ் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"எல்லார் முன்னாடியும் என்னத் திருத்தணுமா?" என்று கேட்டாள் பிலோமினா.

பிரையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அவன் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். தமிழ் புரியும், பேச வேண்டுமென்றால் தட்டுத் தடுமாறிப் பேசுவான். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது இறந்த காலம்தான் வரும், அது அடிப்படை என்றான். என் மேலாளர் உட்கார்ந்திருக்கிறார், நீ முதல் வாக்கியத்திலேயே தப்பு விடுகிறாய், நான் உன்னைக் காப்பாற்றினேன் என்றான். பிறகு அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

இது அன்று தொடங்கியதில்லை. பிரையனின் குடும்பம் ஜோர்ஜ்டவுனில் தலைமுறைகளாக மிஷன் பள்ளியில் படித்தது, மிஷன் பள்ளியில் பாடம் நடத்தியது. பிலோமினா படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், பிறகு மலாய் இடைநிலைப்பள்ளியில். ஆங்கிலத்தை அவள் கற்றுக்கொண்டது வேலையிடத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில். அங்கே வரும் ஹொக்கியன் பேசும் சீனக் கிழவிகளுக்கும் இந்தோனேசிய நோயாளிகளுக்கும் அவள் பேசுவது புரிந்தது. யாரும் முகம் சுளித்ததில்லை. காதலித்த காலத்தில் அவன் திருத்தினால், இவ்வளவு அக்கறையா என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் திருத்தினான். அவன் வீட்டாரும் திருத்தினார்கள். அவள் குறைவாகப் பேசப் பழகினாள். தேவாலயப் பங்குக் கூட்டத்தில் யாராவது எதையாவது கேட்டால் "யெஸ், யெஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கிளாரிஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், வாங்கிவிட்டேன் என்று பிலோமினா ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு, "மம்மி, இட்ஸ் நாட் 'பையிங் ஆல்ரெடி', இட்ஸ் 'போட்'" என்றது. பிரையன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மகளுக்கு ஒரு சாக்லெட் கொடுத்தான்.

இத்தனை வருஷமும் அவளுக்கு வந்தது வெட்கம்தான். பாலத்தில் அன்று வந்தது கோபம். அது இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை. மறுவாரம் வேலைக்குப் போன பிறகும் இறங்கவில்லை. அவன் பல் விளக்கும் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தாடை இறுகியது.

மருத்துவமனை உணவுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் பெரியவர்களுக்கான ஆங்கில இலக்கண வகுப்பு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமைக் காலைகளில், பர்மா சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில். அவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவனைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு ஒருநாள் அவன் ஆட்கள் முன்னால் அவனைத் திருத்த வேண்டும். அது ஒன்றுதான் அவள் எண்ணம். பிரையனிடம் வகுப்புக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. "ஃபைனலி" என்றான்.

வகுப்பு நடத்திய காமாரியா முப்பத்தைந்து வயதுக்காரி. வேகமாகப் பேசுவாள், யாரையும் புகழ மாட்டாள். முதல் நாளே பலகையில், நாய் ஒரு மனிதனைக் கடித்தது என்று ஆங்கிலத்தில் எழுதினாள். "யார் கடித்தது? நாய். அது சப்ஜெக்ட். என்ன செய்தது? கடித்தது. அது வெர்ப். யாரைக் கடித்தது? மனிதனை. அது ஆப்ஜெக்ட். அவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை."

பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள். எழுவாய். பயனிலை. செயப்படுபொருள். தோட்டத்துப் பள்ளியில், தகரக்கூரைக்குக் கீழே, ஐந்தாம் ஆண்டில் கோரஸாகச் சொன்ன சொற்கள். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். இந்த சப்ஜெக்ட்டும் வெர்ப்பும் பிரையன் வீட்டு மேசையில் கறிக்கிண்ணம் மாதிரி அவள் தலைக்கு மேலே கைமாறிக்கொண்டிருந்தன. அது ஏதோ தனக்கு எட்டாத வித்தை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரிந்ததுதான் இது, பெயர்தான் வேறு என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் காமாரியா அந்த 'எஸ்' எழுத்துக்கு வந்தாள். ஒருமையில் வரும் படர்க்கைக்கு மட்டும், நிகழ்காலத்தில் மட்டும், வினையின் பின்னால் ஒரு 'எஸ்'. ஹீ ஈட்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஈட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துளசி, பிறையில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருப்பவள், பிலோமினாவின் காதில் கேட்டாள்.

"அக்கா, இவ்ளோதானா லா? தமிழ்ல வந்தேன், வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு இருக்கு. அதயே தப்பில்லாமப் பேசறோம்."

"அந்த ஒரு எழுத்துக்காகத்தான் என் வீட்டுல சிரிச்சாங்க" என்றாள் பிலோமினா.

துளசி சிரிக்க வாயெடுத்தாள். பிலோமினாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலங்களைப் பற்றிய பாடம் முடிந்த அன்று மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து பிலோமினா அந்த வாக்கியத்தைக் காமாரியாவிடம் சொன்னாள். எங்கே சொன்னாள், யார் திருத்தினார்கள் என்பதையும் மலாயில் சொன்னாள்.

காமாரியா பலகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. சப்ஜெக்ட் ஒருமை, வெர்ப் ஒருமை. சரியாக இருக்கிறது."

"ஆனால் அப்பா இறந்துவிட்டாரே."

"அது வேறு விஷயம். கேட்கிறவர்கள் 'வாஸ்' வரும் என்று எதிர்பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் எந்தக் காலத்தில் பேசுவது என்பதைப் பேசுகிறவர்தான் தீர்மானிக்கிறார். உங்களுக்கு அவர் அப்போதும் பிடிவாதக்காரராக இருந்தால் நீங்கள் 'இஸ்' என்று சொல்லலாம். உங்கள் கணவர் வாக்கியத்தைத் திருத்தவில்லை, கக்." அக்கா என்று மலாயில் கூப்பிட்டுவிட்டு அவள் துடைப்பானை வைத்தாள். "அவர் உங்களுக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறார்."

பிலோமினா படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். வெயிலில் காடிக்குள் உட்கார்ந்துகொண்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் இன்னொரு தடவை அடித்தாள்.

மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் பிறகு லீனாவும் அவள் கணவனும் பகல் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பிலோமினா சோறும் மீன்கறியும் வைத்தாள். கிளாரிஸின் தட்டில் லீனா கத்தரிக்காயை வைக்கப்போனபோது பிலோமினா ஆங்கிலத்தில், அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்றாள். கோபத்தில் கவனம் சிதறி, பழைய வழக்கம் நாக்கில் வந்துவிட்டது. "ஷீ டோன்ட் லைக்."

"டஸ்ன்ட்" என்றான் பிரையன், மீன்முள்ளை எடுத்துக்கொண்டே.

"ஏன்?" என்று கேட்டாள்.

அவனுக்குப் பதில் தெரியாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். காதில் விழுந்த பழக்கத்தில் திருத்துகிறானே தவிர, காரணம் கேட்டால் திணறுவான் என்று எத்தனையோ முறை மனத்துக்குள் பார்த்திருந்தாள். அவன் திணறவில்லை. சப்ஜெக்ட் ஒருமை, படர்க்கை, அதனால் துணைவினை 'டஸ்', அந்த 'எஸ்' துணைவினைக்குப் போய்விடுவதால் 'லைக்'கில் வராது என்று காமாரியாவைவிடத் தெளிவாகச் சொன்னான். சொல்லிவிட்டு லீனாவின் பக்கம் திரும்பி, இப்போதெல்லாம் இவள் காரணம் கேட்கிறாள் பார், நான்தான் வகுப்புக்கு அனுப்பினேன் என்றான்.

"ஸோ பிரேவ் ஆஃப் யூ, ஃபில்" என்றாள் லீனா.

பிலோமினா கரண்டியைக் கறிச்சட்டியில் வைத்தாள். தமிழில் பேசினாள். அந்த மேசையில் தமிழ் நீளமாகப் பேசப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"எங்கப்பாவப் பாத்தா நீங்க என்ன கேப்பீங்க?"

"வாட்?"

"தோட்டத்துக்குப் போனதும் எங்கப்பாகிட்ட மொத வார்த்தை என்ன கேப்பீங்க? தமிழ்ல சொல்லுங்க."

பிரையன் தங்கையைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். "மாமா, நீ சாப்பிட்டாச்சா, அப்படிக் கேக்கும்."

"நீ." அவள் குரல் உயரவில்லை. "எழுபது வயசு மனுஷன நீ, வா, போன்னு. தோட்டத்துல யாரும் அவர அப்படிப் பேசினதில்ல. ஒவ்வொரு தடவையும் அங்க இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. டேரன் ஒருநாள் உங்ககிட்டச் சொல்ல வந்தான். என் கூடப் பொறந்த தம்பி, அவனுக்கே பொறுக்கல. அப்பா அவன வெளிய கூட்டிட்டுப் போயி என்ன சொன்னாரு தெரியுமா? 'மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும், பிரியமாத்தான் கேக்குறாரு, யாரும் வாயத் தொறக்காதீங்க'ன்னாரு. கடைசி வரைக்கும் உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லல. இருபது வருஷம். எத்தன பேர் முன்னாடி சொல்லியிருக்கலாம்?"

குரலைத் தாழ்த்து, பிறகு பேசலாம் என்று பிரையன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"நான் கத்தவே இல்ல. கேளுங்க. அன்னைக்கு நான் சொன்ன 'இஸ்' தப்பில்ல. நான் பேசிட்டு இருந்தப்ப எங்கப்பா இருந்தாரு. பேசி முடிச்சதும் நானே அவர அனுப்பி வச்சிருப்பேன். நீங்க ஏன் முந்திக்கிட்டீங்க? அவரு செத்துட்டாருன்னு பெட்டி முன்னாடி நிக்க வச்சு எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. என் வாயாலயே சொல்ல வச்சீங்க."

லீனாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவள் கண் தட்டில் இருந்தது. அவள் கணவன் காடிச் சாவியைத் தேடினான். பிலோமினா எழுந்து போகவில்லை. அவர்கள்தான் போனார்கள். அவள் தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பிரையனிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. தண்ணீர்க் குழாய் ஒழுகுவதையும் தமிழில்தான் சொன்னாள், காப்புறுதிக்காரர் வந்து போனதையும் தமிழில்தான் சொன்னாள். அவனுக்குச் சில சொற்கள் புரியாது, கிளாரிஸைப் பார்ப்பான். கிளாரிஸ் சொல்லமாட்டாள்.

ஒருநாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது கிளாரிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா," என்றாள். வழக்கமாக மம்மிதான். "அன்னைக்கு டாடி 'வாஸ்' சொன்னப்ப, நானும் மனசுல அதான் சொன்னேன். டாடி வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே."

"தெரியும்" என்றாள் பிலோமினா. "உன் மேலயும் கோவம்தான்."

கிளாரிஸ் அழுதாள். பிலோமினா அவளைத் தேற்றவில்லை. ஆனால் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. கிளாரிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

பிரையன் மன்னிப்புக் கேட்க வந்தது அதற்கும் பிறகுதான். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஐம் சாரி இஃப் யூ வேர் ஹர்ட்" என்றான்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இஃப்பா?"

"ஃபில்..."

"நான் காயப்பட்டிருந்தா. 'யூ வேர் ஹர்ட்.' இதுல சப்ஜெக்ட் யாரு?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"நான். காயப்பட்டது நான். காயப்படுத்துனது யாரு? வாக்கியத்துல ஆளையே காணோம். இதுக்குப் பேரு பேசிவ் வாய்ஸ். தமிழ்ல செயப்பாட்டுவினை. எனக்கு எந்தப் பேரு வேணும்னாலும் தெரியும் இப்ப. திரும்பச் சொல்லுங்க."

"இட் வாஸ் எ மிஸ்டேக்" என்றான்.

"இட் யாரு?"

"ஓக்கே. வீ போத் செட் திங்ஸ்..."

"வீ இல்ல." கத்தியைப் பலகையில் வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. நான் எங்கப்பாவப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன்."

இது என்ன பரீட்சையா என்று பிரையன் ஆங்கிலத்தில் கேட்டான். முதல் முறையாக அவன் குரல் உடைந்து உயர்ந்தது.

"நீங்க எனக்குத் தெனமும் வச்சது என்ன?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். பொடியாக நறுக்க வேண்டியதைக் கூழாக்கிவிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு தாசேக் கெலுகோருக்குக் கிளம்பினார்கள். கிளாரிஸுக்குப் பள்ளியில் ஏதோ இருந்தது, இரண்டு பேரும்தான். பாலத்தைத் தாண்டியதும் பிறைக்குப் போகும் லோரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. காடி நகரவில்லை. பிரையன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற லோரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐ ஹர்ட் யூ" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. விளக்கம் சொல்லவில்லை, அவள் கையைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை.

பிலோமினாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. காலத்துக்குக் காலம் வடிவம் மாறாத வினைகள் என்று காமாரியா சொல்லிக்கொடுத்த வரிசையில் 'ஹர்ட்'டும் இருந்தது. நேற்றுக்கும் அதே சொல், இன்றைக்கும் அதே சொல்.

"காயப்படுத்தினேனா, காயப்படுத்துறேனா?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முகம் சிவந்தது. "டிட்" என்றான். பிறகு, இன்னும் மெதுவாக, நிகழ்காலத்திலும், "அண்ட் டூ."

"கோவம் போகல எனக்கு."

"ம்."

"போகும்னும் சொல்ல முடியாது. இப்போதைக்கு வண்டிய எடுங்க."

முன்னால் லோரி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஹோன் அடித்தார்கள். பிரையன் கியரை மாற்றினான். மடியில் இருந்த பூ சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் சன்னலை இறக்கிவிட்டாள்.